பெல்ஃபாஸ்டுக்குப் போன வலது கண்

கெர்ரி,
டிசம்பர் 11, மழை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்கா கன்செப்டாவுக்கு, தம்பி மலாக்கி எழுதுவது. இங்கே நானும், ஐந்து கோழிகளும், என் வலது கண்ணும் நலம். இடது கண் வழக்கம்போல. அங்கே பாஸ்டனில் நீயும், அத்தானும், உன் முழங்கால் இரண்டும் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மழையைப் பற்றி நீ கேட்கவில்லைதான். ஆனாலும் மழையைச் சொல்லாமல் நம் ஊரிலிருந்து ஒரு கடிதம் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை.

ஆகஸ்டில் நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். காரணம் சோம்பல் இல்லை, கண். "இந்த அரசாங்கத்தை நம்பினால் நீ குருடனாகத்தான் சாவாய், ஒழுங்காகத் தனியார் காப்பீடு எடு. சந்தேகமிருந்தால் ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் தனியார், அந்தப் பக்கம் அரசாங்கம் என்று போட்டு நல்லது கெட்டதை எழுதிப் பார், உன் மூளைக்கே விளங்கும்" என்று எழுதியிருந்தாய். கோடு கிழித்தேன் அக்கா. கண்புரையின் புண்ணியத்தில் அந்தக் கோடு தாளைத் தாண்டி மேஜை விரிப்பில் கொஞ்ச தூரம் போய்விட்டது, ஆனாலும் கிழித்தேன்.

முதலில் தனியார் பக்கம். அதற்குச் சாட்சி நம் கார்மக். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன், கோயிலில்கூட முன்வரிசையைக் காசு கட்டி வாங்கினவன் மாதிரி உட்காருவானே, அவன்தான். அவனுக்கும் புரை. காப்பீடு இருந்ததால் மூன்றே வாரத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்தது. வாசலிலேயே பெயர் சொல்லி வரவேற்றார்களாம், பெயர் தைத்த அங்கி கொடுத்தார்களாம், அட்டையை நீட்டி "சால்மன் மீனா, ஆட்டுக்கறியா?" என்று கேட்டார்களாம். அந்த சால்மனை ஊரில் நாற்பது பேரிடம் விவரித்துவிட்டான், மீன் ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலம் வளர்கிறது. ஆனால் போகும்போதும் தனியாக டாக்ஸி, வரும்போதும் தனியாக டாக்ஸி, நடுவில் தனி அறை. "கட்டைப் பிரிச்சதும் முதல்ல யாரைப் பார்த்தே?" என்று ஒரு நாள் கேட்டேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, "டிவியை" என்றான். இதை நல்லதில் எழுதுவதா கெட்டதில் எழுதுவதா என்று தெரியாமல் அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பாஸ்டன் சாட்சி நீயேதான். போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல கையால் காப்பீட்டுக்காரனுக்கு ஃபோன் போட்டு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் செல்லும் என்று தெரிந்துகொள்ள நாற்பது நிமிஷம் ஃபோனிலேயே காத்திருந்து பியானோ கேட்டதாக நீதானே எழுதினாய்? சொல்லிக்காட்டவில்லை அக்கா. சொன்னேன், அவ்வளவுதான்.

இருந்தாலும் உன் பேச்சைத் தட்டாமல் இங்கே ஒரு கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். தேன் குரலில் ஒரு பெண். "சார், வயசு?" "எழுபத்திமூணு." "இதுக்கு முன்னாடி காப்பீடு ஏதாவது இருந்துச்சா?" "முப்பத்தெட்டு வருஷம் பால் லாரி ஓட்டினேன்மா, லாரிக்கு இருந்துச்சு." "உடம்புல ஏதாவது கோளாறு?" "கண்ணுல புரை. அதுக்குத்தான் கேக்கறேன்." "கவலையே படாதீங்க சார், தாராளமா சேத்துக்கறோம். ஏற்கெனவே இருக்கற கோளாறுக்கு மட்டும் அஞ்சு வருஷம் காத்திருக்கணும்." அரசாங்கப் பட்டியலில் நான் அப்போது காத்திருந்தது நாலு வருஷம். சும்மா காத்திருப்பதற்கு நாலு, மாதாமாதம் சந்தா கட்டிக் காத்திருப்பதற்கு அஞ்சு. "நல்லாரும்மா" என்று ஆசீர்வாதம் பண்ணி ஃபோனை வைத்தேன். அந்தப் பெண் பாவம், அழகாகத்தான் பேசினாள்.

இப்போது அரசாங்கப் பக்கம். அந்த நாலு வருஷத்தை நீ நரகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பொய் சொல்வானேன், பாதி நாள் சொர்க்கமாகத்தான் இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் கடல் எது வானம் எது என்று தெரியாது, இரண்டும் ஒரே பால் நிறத்தில் வாசல்வரை வந்து நிற்கும். மாடுகள் தரையில் கால் படாமல் மிதந்து போகும். ஒவ்வொரு விளக்குக்கும் புனிதர் தலையில் இருப்பதுபோல ஒளிவட்டம், மதுக்கடை விளக்குக்கு இரண்டு. ஒரு தடவை வளைவில் நின்ற ஒருவரிடம் அரைமணி நேரம் உருளைக்கிழங்கு நோயைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன், மறுநாள் தொட்டுப் பார்த்தால் வேலிக்கம்பம். இத்தனை பொறுமையாக என் பேச்சை யாருமே கேட்டதில்லை என்பதால் அப்புறமும் இரண்டு மூன்று தடவை போனேன். முகங்கள் மட்டும்தான் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. குரல்கள் வந்தன, குரல்கள் போயின.

அந்தக் குரல்களில் ஒன்று பிலோமினாவுடையது. என் வகுப்பில் படித்தாளே, சிவப்பு முடி, கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டவள். வாத்தியார் காலமாகி ஆறு வருஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் சீட்டு விளையாடும்போது அவள்தான் எனக்கு ஜோடி. மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை, அதற்கு மேலே ஒரு மங்கல், அந்த மங்கலிலிருந்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகத்தான் வாரத்தின் மற்ற ஆறு நாளையும் நான் ஓட்டினேன். இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை, இனிமேல் வரப்போவதும் இல்லை.

நம் ஊர்ச் சீட்டின் சட்டம் உனக்கு மறந்திருக்காது. சிவப்பில் பெரிய எண் ஜெயிக்கும், கறுப்பில் சின்ன எண் ஜெயிக்கும். புரை வந்தவனுக்கோ ஆர்ட்டினும் இஸ்பேட்டும் ஒரே டிகாக்ஷன் நிறம். ஜெயிக்க வேண்டியதைத் தூக்கிப்போட்டு, தோற்க வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிலோமினாவைப் படாத பாடு படுத்தினேன். செப்டம்பரில் கார்மக் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்: "மலாக்கி, மனசுல வெச்சுக்காதே. டிசம்பர் வான்கோழிப் பரிசுப் போட்டி வரைக்கும் பார்ப்போம். அதுலயும் இப்படியே விளையாடினா நீ ஓரமா உக்காந்து டீ குடி. பிலோமினாவுக்கு நான் ஜோடி." எனக்கு உயிரே போய்விட்டது அக்கா. கண் போனால் போகட்டும், அந்த நாற்காலி போனால் எனக்கு வெள்ளிக்கிழமை இல்லை. இதில் விசித்திரம், அன்றிலிருந்து பிலோமினாவும் கண்டபடி சீட்டுப் போட ஆரம்பித்தாள். "எனக்கும் என்னமோ மங்கலாத்தான்யா இருக்கு" என்றாள்.

அதே வாரம் எண்ணிக்கை குறிக்கத் தாள் இல்லை. வீட்டில் கடிகாரத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த தண்ணீர்க் குழாய் நோட்டீஸ் பையில் இருந்தது, கொடுத்தேன். அவள் அதன் பின்பக்கத்தில் நாலு ஆட்டம் குறித்துவிட்டு, ஏதோ தோன்றித் திருப்பிப் பார்த்தாள். "யோவ் மலாக்கி, இது என்னன்னு தெரியுமா?" "தண்ணி நிறுத்தற நோட்டீஸ்." "தண்ணியை இல்லய்யா, உன்னை நிறுத்தியிருக்காங்க! கண் சிகிச்சைக்கு இன்னும் காத்திருக்கீங்களா, ஆம்னா இருபத்தியெட்டு நாளுக்குள்ள டிக் போட்டு அனுப்பணும், இல்லாட்டி பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவோம்னு போட்டிருக்கு. தேதி ஏப்ரல்." கண் தெரியாதவனிடம் "உனக்குக் கண் தெரிகிறதா" என்று எறும்புக்கால் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்த எறும்புக்காலை மண்டபத்து மங்கிய விளக்கில், கண்ணாடிகூடப் போடாமல், அடியில் இருந்த அச்சகத்தின் பெயர்வரை கடகடவென்று படித்தாள் பிலோமினா. பாவம், அவளுக்கும் மங்கல்.

ஆஸ்பத்திரியில் கேட்டால், மறுபடி முதலிலிருந்து நாலு வருஷம் என்றார்கள். கவுன்சிலர் அலுவலகத்தில் இருக்கும் நோரின்தான் வழி சொன்னாள். எல்லை தாண்டி வடக்கே, அடுத்த நாட்டுப் பெல்ஃபாஸ்டில் செய்துகொண்டு வந்தால் நம் அரசாங்கமே செலவைத் திருப்பித் தரும், மாதம் ஒரு பஸ் போகிறது என்றாள். இங்கே இருபது நிமிஷ வேலைக்கு இடமில்லை, அதற்காக ஐந்நூறு கிலோமீட்டர் போய்வர வழியிருக்கிறது. இதை எந்தப் பக்கம் எழுதுவது, சொல்லு? ஆஸ்பத்திரி தனியாருடையது, காசு அரசாங்கத்துடையது, பஸ் கவுன்சிலருடையது, கண் மட்டும்தான் என்னுடையது. கோட்டின் மேலேயே எழுதினேன்.

துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். "நான் வரேன்யா" என்றாள் பிலோமினா. எனக்கு வந்ததே ரோஷம். "நான் என்ன கைக்குழந்தையா? துணைன்னு யாராவது ஏறினா நான் எறங்கிடுவேன்" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கோழிகளிடம் வருத்தப்பட்டேன். இரண்டே நாளில் அவளே வந்து, "நான் துணைக்கு வரலய்யா, எனக்கும் புரையாம், எனக்கும் அதே பஸ்" என்றாள். எனக்கு நாலு வருஷம் ஆன விஷயம் அவளுக்கு இரண்டு நாளில் எப்படி நடந்தது என்று நோரினைக் கேட்டேன். "இடம் ஒண்ணு காலியா இருந்துச்சு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினோம். பஸ்ஸில் இருபத்திரண்டு கிழடுகள், சரியாகத் தெரிகிற கண் ஓட்டுநருடைய இரண்டு மட்டும். முன்னால் ஜெபமாலை, பின்னால் பாட்டு, நடுவில் முட்டை சாண்ட்விச். வெளியே ஊர்கள் ஓடவில்லை, கரைந்தன. ஆறு ஒன்று எங்களோடு கொஞ்ச தூரம் வந்துவிட்டுச் சலித்துத் திரும்பிப் போனது. எனக்கு அந்தப் பஸ் எங்கேயும் போய்ச் சேரவே வேண்டாம் என்று இருந்தது. தோளில் பச்சைக் கம்பளி உரசிக்கொண்டிருந்தது அக்கா, எழுபத்திமூன்று வயதில் வேறென்ன வேண்டும். "எல்லையைத் தாண்டிட்டோம்யா" என்றாள் பிலோமினா. "எப்படித் தெரியும்?" "தூரத்துல போர்டு பாரு, கிலோமீட்டர் போய் மைல் ஆயிடுச்சு." எனக்கு போர்டே தெரியவில்லை. ஒரே புரைதான், ஆனால் அவளுடையது நல்ல ஜாதிப் புரை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் படுக்கவைத்துச் சொட்டு மருந்து விட்டார்கள். "பயமா இருக்கா?" என்று ஒரு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிடிச்சுக்கிட்டா இல்ல" என்றேன். மேலே இருந்த விளக்கு உருக ஆரம்பித்தது. முதலில் வெண்ணெய் நிறம், பிறகு ரோஜா, பிறகு நீலம். அம்மா துணி வெளுக்கும்போது வாளியில் நீலத்தைக் கரைப்பாளே, அந்த நீலம். அதற்குள்ளே நான் பால் லாரியை ஓட்டிக்கொண்டு போனேன். கேன்கள் சத்தமே போடவில்லை. வளைவில் என் வேலிக்கம்பம் நின்று கையசைத்தது. "முடிஞ்சுது" என்று யாரோ சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, இன்னும் இரண்டு பண்ணைகளில் பால் எடுக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்தால் எல்லாருக்கும் கண்ணில் பிளாஸ்டிக் மூடி, பிலோமினாவுக்கு மட்டும் இடது கண்ணில் கறுப்புத் துணிக் கட்டு, கடற்கொள்ளைக்காரி மாதிரி. "எனக்குக் கொஞ்சம் சிக்கலான கேஸ்யா" என்றாள். சட்டையில் திட்டுத்திட்டாக இருந்த மாவுத்தூளைத் தட்டினாள். "உள்ளே ஸ்கோன் ரொட்டி குடுத்தாங்களா? எனக்குத் தரலையே!" "அது கண்ணைப் பொறுத்ததுய்யா" என்றாள்.

திங்கள் காலை என் மூடியை எடுத்தார்கள். எதிரில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். நாலு வருஷத்து மங்கல் ஒரு நொடியில் விலகி ஒரு முகம் வந்தது. மூக்கின் மேல் பழைய புள்ளிகள் அப்படியே. வாயோரம் இரண்டு கோடு, புதுசு. முடி முழு வெள்ளை. எனக்குத் தெரியாமல் எப்போது வெளுத்தது? நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேனே! அழுதுவிட்டேன் அக்கா. "யோவ், கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னாங்க" என்றாள். "மருந்துதான்" என்றேன். பாவம் கார்மக், டிவியைப் பார்த்தானாம்.

திரும்பி வரும்போது ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இடது கண்ணில் டீ நிற உலகம், வலது கண்ணில் நீல உலகம், இரண்டிலும் பிலோமினா. நடுவில் டீக்கு நிறுத்தி ஏறினபோது இடது கண்ணில் இருந்த அவளுடைய கட்டு வலது கண்ணுக்கு மாறியிருந்தது. புதுக் கண்ணும் பழைய கண்ணும் ஒன்றோடொன்று பழகும்வரை இடம் வலம் மாறித்தான் தெரியும் போலிருக்கிறது. டாக்டர் இதைச் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

போன வெள்ளிக்கிழமை வான்கோழிப் போட்டி. கட்டில்லாமல் வந்து உட்கார்ந்தாள். ஆர்ட்டின் ஆர்ட்டினாகவும் இஸ்பேட் இஸ்பேட்டாகவும் தெரிய, ஒரு தப்பும் இல்லாமல் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்தோம். ஆர்ட்டின்தான் துருப்பு. என் கையில் ஆர்ட்டின் அஞ்சு. துருப்பில் மட்டும் நம் ஊரில் அஞ்சுதான் ராஜா, அதை வெல்ல ஒரு சீட்டும் கிடையாது. போட்டால் வான்கோழி எங்களுடையது, நாற்காலி என்னுடையது. அப்போது பிலோமினா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாலு வருஷமாகக் காதால் மட்டும் கேட்ட அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு சீட்டைப் போட்டேன். கிளாவர் எட்டு. மண்டபமே தலையில் அடித்துக்கொண்டது. கார்மக் வான்கோழியைத் தூக்கிக்கொண்டு, "இப்போ கண்ணு சரியாயிடுச்சே, இப்போ என்ன சாக்கு மலாக்கி?" என்றான். பிலோமினாதான் எழுந்தாள். "கார்மக், வான்கோழியை நீ எடுத்துக்கோ. ஜோடியை மாத்தறதா இருந்தா எனக்குச் சீட்டே வேண்டாம்." மறுநாளே கார்மக் அந்த ஆறு கிலோ வான்கோழியோடு அவள் வாசலில் நின்றான், தனி ஆளுக்கு எப்படிச் சமைப்பது என்று தெரியாமல். கிறிஸ்துமஸ் அன்று மூன்று பேரும் அவள் வீட்டில் சாப்பிடுகிறோம். சால்மன் கதை சொல்லக்கூடாது என்பது நிபந்தனை.

ஆக அக்கா, தாளின் கணக்கு இதுதான். தனியாரில் வேகம் உண்டு, அங்கி உண்டு, மீன் உண்டு. அரசாங்கத்தில் காத்திருப்புதான் உண்டு. ஆனால் காத்திருந்ததால்தான் பஸ், பஸ்ஸால்தான் பக்கத்து சீட். நம்மைப் போலவே காப்பீடு இல்லாமல், நம்மைப் போலவே கண் மங்கி, ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதனால் பிலோமினாவின் பெயரை அரசாங்கப் பக்கம் பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டேன். காப்பீட்டைப் பற்றி இனிமேல் எழுதாதே.

உன் முழங்காலுக்கு வலுவும், அத்தானுக்குப் பொறுமையும், பேரப்பிள்ளைகளுக்குப் படிப்பும் மாதா தரட்டும். உறையை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். பிலோமினா தபாலில் போடுவாள்.

என்றும் உன் சொல் கேளாத தம்பி,
மலாக்கி

பி.கு.: கன்செப்டாக்கா, நான் பிலோமினா. உங்க தம்பி இடது கண்ணை வெச்சு ஒட்டியிருக்கார், உறை பாதி திறந்தே கிடந்தது. படிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க. என் கண்ணுல ஒரு கோளாறும் கிடையாது. கட்டு மருந்துக்கடையில வாங்கினது. அவர் உள்ளே இருந்த நேரம் நான் எதிர்க்கடையில ஸ்கோன் தின்னுட்டு இருந்தேன். சீட்டைத் தப்புத் தப்பாப் போட்டது, திட்டு அவருக்கு மட்டும் விழக்கூடாதுன்னுதான். என்னை அரசாங்கப் பக்கம் எழுதியிருக்காரே, அதை அடிச்சிடுங்க. வாத்தியார் காலத்துலேர்ந்து முப்பது வருஷமா எனக்குத் தனியார் காப்பீடு இருக்கு, கார்மக்கோடது மாதிரியே, சால்மன் உட்பட. அந்தக் காப்பீட்டுப் புஸ்தகத்தை முதல்லேர்ந்து கடைசிவரை படிச்சுப் பார்த்தேன். முழங்கால் இருக்கு, இடுப்பு இருக்கு, பல்லுகூட இருக்கு. பெல்ஃபாஸ்ட் பஸ்ல இவர் பக்கத்துல உக்காந்து போறது மட்டும் எந்தப் பக்கத்துலயும் இல்ல. தைரியம் வரப்போறதில்லைன்னு எழுதியிருக்கார். நாலு வருஷமா நானும் அந்தப் பட்டியல்லதான் இருக்கேன், இன்னும் காத்திருக்கீங்களான்னு யாராவது கேட்டா டிக் போட்டுடுவேன். இதையெல்லாம் இவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஏப்ரல்ல இவருக்கு இடது கண், மறுபடியும் அதே பஸ். எனக்கு எந்தக் கண்ணு கெட்டுப்போகணும்னு நான் இன்னும் முடிவு பண்ணல.